கிணறு, குழாய், மழைநீர்க் குழி: சென்னை வீடுகளில் நீர்ச்சிக்கனத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை நகரின் வீடுகளில் நீரைச் சேமிக்கும் வழக்கம் கிணற்றுக் காலத்திலிருந்து 2003ஆம் ஆண்டின் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வரை எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டில் நீரைத் தேக்கிவைப்பதும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் வேறுவேறு செயல்கள் என்பதும், குழாய்நீர்க் காலத்தில் முதலாவது பெருகி இரண்டாவது தளர்ந்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சென்னை, கிணறு, ஒண்டுக்குடித்தனம், நிலத்தடிநீர், மழைநீர் சேகரிப்பு

முன்னுரை

சென்னையின் நீர் வரலாறு பெரும்பாலும் ஏரிகளின் வரலாறாகவும் பொறியியல் திட்டங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. செங்குன்றம், பூண்டி, வீராணம், கிருஷ்ணா என்னும் பெயர்களே அதில் மிகுதி. அந்நீர் சென்று சேர்ந்த வீட்டின் பின்கட்டும் முற்றமும் கிணற்றடியும் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. எனினும் நகரின் ஒவ்வொரு நீர்நெருக்கடியின் சுமையையும் இறுதியில் ஏற்றது வீடே. நெருக்கடிக்கு ஏற்ப வீடு தன் அமைப்பையே மாற்றிக்கொண்டது; அம்மாற்றங்களைச் சான்றாகக் கொள்ள இயலும்.

கிணற்றடி

ஆங்கிலேயர் குடியேறிய மணற்பாங்கான கடற்கரையில் ஆறுகள் இருந்தும் ஆண்டு முழுதும் குடிக்கத்தக்க நீர் இல்லை. 1772இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி கோட்டைக்கு நீர் வழங்க வடக்கே தோண்டப்பட்ட கிணறுகள், ஏழுகிணறு என்னும் பெயரை அப்பகுதிக்கே தந்தன. நகரின் முதல் பொது நீர்வழங்கலும் கிணற்றையே நம்பியது என்பது கவனிக்கத்தக்கது. கோட்டைக்கு வெளியே மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் வீட்டுக் கிணறுகளும் கோயிற்குளங்களுமே ஆதாரம்.

கிணற்றுநீரின் அளவு கண்ணுக்குப் புலப்படும். வாளி எத்தனை உறை தாண்டி இறங்குகிறது என்பதை இழுப்பவர் நாள்தோறும் அறிவார். பங்குனி, சித்திரையில் தாம்புக்கயிறு நீள்வதே அளவுமானி. நீரை இறைக்கும் உழைப்பும் பயன்பாட்டை வரையறுத்தது. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் கொல்லையில் உள்ள வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தன. அந்நீரின் ஒரு பகுதி மணலில் வடிந்து மீண்டும் நிலத்தடிக்குச் சென்றது. முற்றத்தில் விழுந்த மழையும் அண்டா, தவலைகளில் பிடிக்கப்பட்டது. இதனைச் சூழலியல் விழிப்புணர்வு என்று இன்று புகழ்வது மிகை. உழைப்பும் அமைப்பும் கட்டாயப்படுத்திய சிக்கனமே அது. அவ்வுழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையதாகவும் வேலையாட்களுடையதாகவும் இருந்தது. கிணற்றை அணுகும் உரிமையைச் சாதி வரையறுத்ததும் மறக்கத்தக்கதன்று. கொல்லைக் கிணறு கொண்ட வீடு என்பதே நகரில் ஓர் உடைமைச் சிறப்பு.

குழாயின் வருகை

ஃப்ரேசர் என்னும் பொறியாளரின் திட்டப்படி கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டப்பட்டது. அங்கிருந்து சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் திருப்பப்பட்ட நீர், 1872 முதல் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்தை அடைந்து குழாய்களில் நகருக்குள் சென்றது. அந்நீர் வடிகட்டப்படவில்லை. கீழ்ப்பாக்கத்தின் மணல் வடிப்பான்கள் செயல்படத் தொடங்கியது 1914இல்தான். ஆகவே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழாய்நீர் கிணற்றுநீரைவிடத் தூயது என்று கூற இடமில்லை. வீடுகள் இரண்டையும் வைத்துக்கொண்டன. சுவைக்கும் சமையலுக்கும் ஒன்று, துவைக்கவும் குளிக்கவும் மற்றொன்று எனப் பிரித்துப் பயன்படுத்தின.

கிணற்றின் மதிப்பைக் குறைத்ததில் சுகாதாரத் துறைக்கும் பங்குண்டு. நகர மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீபென்சி கொசு, தெளிந்த நீருள்ள கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளர்வது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு வளரும் நீரிடங்களைச் சீர்செய்யுமாறு உரிமையாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு அளித்தது. மூடப்பட்ட கிணற்றின் நீர்மட்டம் எவர் கண்ணிலும் படவில்லை. பிற்காலத்தில் பல கிணறுகள் குப்பையால் தூர்ந்தன. சில, கழிவுநீர்த் தொட்டிகளாகவே மாறின. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தபின், நகருக்கு வெளியிலிருந்தே நீர் வரும் என்னும் எண்ணம் உறுதிப்பட்டது.

வீடே தேக்கமாதல்

மக்கள்தொகை பெருகியபோது குழாயின் அழுத்தம் குறைந்தது. இதற்கு வீடுகள் அளித்த விடை படிப்படியானது. தெருமட்டத்தில் நீர் ஏறாதபோது வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தினர். குழியிலும் வராதபோது பொதுக்குழாயின் இணைப்பில் அடிபம்பு பொருத்தினர். பின்னர்த் தரைக்கடியில் சம்ப் எனப்படும் தொட்டி கட்டி, மின்மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றினர். நெருக்கடிக் காலங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நீரை அண்டா, குடம், பிளாஸ்டிக் பீப்பாய் அனைத்திலும் நிரப்பிவைப்பது இயல்பாயிற்று.

இவை அனைத்தும் ‘தண்ணீரைச் சேமித்தல்’ என்றே வழங்கப்பட்டன. உண்மையில் இவற்றால் ஒரு துளி நீரும் மிச்சமாகவில்லை. ஒரு வீட்டின் அடிபம்பு இழுத்த நீர், அதே குழாயின் கடைசி வீட்டுக்குச் செல்லவேண்டிய நீர். மறுநாள் நீர் வந்ததும் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் பிடிக்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது. பற்றாக்குறை சிக்கனத்தைக் கற்பிக்கும் என்னும் பொதுக்கருத்துக்கு இது நேர்மாறான சான்று.

ஒண்டுக்குடித்தன வீடுகளில் நிலைமை வேறு. ஒரு குழாயையோ ஒரு கிணற்றையோ பல குடும்பங்கள் பகிர்ந்த அவ்வீடுகளில், ஆளுக்கு இத்தனை குடம் என்னும் முறையே வரம்பு. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் சென்னைத் தெருவொன்றின் இவ்வாழ்வைப் பதிவுசெய்துள்ளது. அன்றாட வரிசைகளும் பூசல்களும் அரசு ஆவணங்களில் காணக்கிடைப்பது அரிது. எனவே சமூக வரலாற்றாய்வுக்கு அந்நாவல் ஓர் ஆவணத்தின் இடத்தை நிரப்புகிறது.

ஆழ்துளைக் கிணறுகளின் பரவல் அடுத்த கட்டம். கடற்கரை மணலில் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓர் அடி தாழ்ந்தால், உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி உயரும் என்பது நிலநீரியல் கணக்கு. வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் மிகையாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது இதற்குச் சான்று. நிலத்தடிநீரை ஒழுங்குபடுத்தச் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் வீட்டுக்குள் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை அச்சட்டத்தால் கண்காணிக்க இயலவில்லை.

2003: கூரையின் மீது விதிக்கப்பட்ட கடமை

தொடர்வறட்சியின் பின்னணியில், 2003ஆம் ஆண்டு ஜூலையில் ஜெயலலிதா அரசு நகராட்சிச் சட்டங்களைத் திருத்தும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. புதிய கட்டடங்கள் மட்டுமின்றி ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பை உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் ஏற்படுத்தவேண்டும். தவறினால் உள்ளாட்சி அமைப்பே அதை அமைத்துச் செலவைச் சொத்துவரிபோல் வசூலிக்கும். குடிநீர் இணைப்பும் துண்டிக்கப்படும் என்பவை அதன் சாரம். (குழாயில் நீரே வராத தெருக்களில் இத்தண்டனை எவரை அச்சுறுத்தியிருக்கும் என்பது வேறு வினா.)

இச்சட்டத்துக்கு முன்னோடியாகக் குடிமக்களின் முயற்சிகள் இருந்தன. இயற்பியல் அறிஞர் சேகர் ராகவன் பெசன்ட் நகரில் வீடுவீடாகச் சென்று மழைநீர் சேகரிப்பை வலியுறுத்தினார். அவர் பங்குகொண்ட ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002இல் மந்தைவெளியில் மழை இல்லம் என்னும் செயல்விளக்க மையத்தை நிறுவியது. கடலோரக் குடியிருப்பொன்றில் இவ்வியக்கம் வேர்கொண்டது தற்செயலன்று. கிணறு உப்பாவதை முதலில் உணர்ந்தவர்கள் அப்பகுதியினரே.

சட்டம் கோரிய அமைப்பு எளியது. சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1400 மி.மீ. 100 சதுரமீட்டர் மொட்டைமாடியில் இதனால் விழுவது 1,40,000 லிட்டர். நாளொன்றுக்கு ஒருவருக்கு 135 லிட்டர் என்னும் நகர அளவுகோலின்படி ஐவர் குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தேவை ஏறத்தாழ 2,46,000 லிட்டர். அதாவது தேவையில் பாதிக்கும் மேல் கூரையிலேயே விழுகிறது. அதே கூரையின்கீழ் நான்கு தளங்களில் நான்கு குடும்பங்கள் இருப்பின் ஒவ்வொன்றின் பங்கும் 35,000 லிட்டராகச் சுருங்கும். மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடுவதால் முழுவதையும் தொட்டியில் வைத்திருப்பதும் இயலாது. மண்ணே தொட்டியாகவேண்டும். குழாய்நீர்க் காலத்தின் ஏற்பாடுகள் அனைத்தும் நீரை வீட்டுக்குள் இழுத்தன. வீட்டிலிருந்து நிலத்துக்கு நீரைத் திருப்பித்தருமாறு கோரியதே இச்சட்டத்தின் வரலாற்றுப் புதுமை.

நடைமுறையில் தரம் வேறுபட்டது. பெசன்ட் நகர் மணலில் கூழாங்கல்லும் ஜல்லியும் இட்ட ஆழமற்ற குழியே போதும். களிமண் படிந்த பகுதிகளில் அதே குழி குட்டையாக நின்றுவிடும். களிமண் அடுக்கைத் துளைத்துச் செல்லவேண்டும். கெடு நெருங்கிய அவசரத்தில் பல வீடுகள் மண்ணின் தன்மையைப் பாராமல் ஒரேவகைக் குழியை அமைத்தன. சில இடங்களில் குழாய் மட்டும் கீழிறங்கியது. அதன் அடியில் குழி இல்லை. வடிப்பானைத் தூர்வாருவதற்கு எவர் பொறுப்பு என்பதும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அமைப்பதே கடமை என்றானபின் பராமரிப்பு விருப்பத்துக்குரியதாயிற்று. தூர்ந்த பழைய கிணறு இருந்த வீடுகள் அதனைத் தூர்வாரி மாடிநீரை அதில் விட்டபோது பயன் கூடுதலாகக் கிட்டியது.

அடுத்த ஆண்டுகளில் நகரின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. அதனைச் சட்டத்தின் வெற்றியாக மட்டுமே காட்டும் எழுத்துகள், 2005இல் பெய்த பெருமழையையும் 2004இல் வந்துசேர்ந்த வீராணம் நீரையும் கணக்கில் கொள்வதில்லை. மழை மிகுந்தாலும் நீர்மட்டம் உயரும். வெளிநீர் வந்து இறைப்பு குறைந்தாலும் உயரும். மூன்றையும் பிரித்தறியாமல் சட்டத்துக்கு முழுப்பெருமை தருவதும், மழையால் வந்ததே எனத் தள்ளுவதும் ஒருசார்பானவை. கிணற்றுநீரின் உப்புத்தன்மை குறைந்ததா என்பதைத் தெருவாரியாக ஒப்பிடுவதே நம்பகமான அளவுகோலாக அமையும்.

2019

2019 ஜூனில் நகருக்கு நீர்தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீருடன் தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்துசேர்ந்தது. மேற்கண்ட கணக்கின்படி அது 100 சதுரமீட்டர் அளவுள்ள 18 மொட்டைமாடிகளில் ஓராண்டில் விழும் மழைக்குச் சமம்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் கூரையை அலகாகக் கொண்டது. வாடகைக் குடியிருப்பவர் சட்டத்தின் சொற்களுக்குள் வந்தாலும், பிறர் மாடியில் குழாய் பதிக்கும் உரிமை அவருக்கு நடைமுறையில் இல்லை. கூவம், அடையாறு கரையோரக் குடிசைகளுக்குச் சேகரிக்கத்தக்க கூரையும் இல்லை, குழி தோண்டும் நிலமும் இல்லை. அங்கு நீர் தெருமுனைத் தொட்டிக்கு லாரியில் வந்தது. ஒவ்வொரு வீட்டின் பங்கும் ஒண்டுக்குடித்தனத்தில் போலவே குடத்தால் அளக்கப்பட்டது. வண்ணப் பிளாஸ்டிக் குடங்களின் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களே.