ட்ரிப்ஸ் ஏத்தியாச்சு... ஆனா நீங்க அட்மிட் ஆகியிருக்கீங்களா?

கட்டிலில் படுக்கவைத்து ட்ரிப்ஸ் ஏற்றினாலே ‘அட்மிஷன் போட்டாச்சு’ என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால், கேஸ் ஷீட்டில் ‘அப்சர்வேஷன்’ என்று மட்டும் இருந்தால், நீங்கள் உள்நோயாளி கணக்கிலேயே வராமல் போகலாம். க்ளெய்ம் கிடைக்குமா, கைக்காசு போகுமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

ஏன் முக்கியம்?

பெரும்பாலான பாலிசிகளில், தொடர்ந்து 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம். கண்புரை ஆபரேஷன், டயாலிசிஸ் போன்ற ‘டே கேர்’ சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. வெறும் ஸ்கேன், டெஸ்ட் எடுக்க அட்மிட் ஆனால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

யார் முடிவெடுப்பது?

அட்மிஷன் போடுவது டாக்டர்தான். அது காப்பீட்டு விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க அமெரிக்க மருத்துவமனைகளில் ‘கேஸ் மேனேஜர்’ இருப்பார். நம்ம ஊர் தனியார் மருத்துவமனைகளில் இன்ஷூரன்ஸ் டெஸ்க். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வார்டு மேனேஜர். ரிப்போர்ட்டுகளை அனுப்பி முன் அனுமதி வாங்குவது இவர்கள்தான்.

விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்களுக்கு...

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் கார்டு இல்லை என்பதற்காக சிகிச்சை நிற்காது. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனால் கார்டு அவசியம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருடத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு. சந்தேகத்துக்கு 1800 425 3993.

ஹைவேயில் விபத்தா? பக்கத்தில் இருக்கும் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். கார்டு, வருமானச் சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். 108-க்கு போன் போடுங்க!

இதை மட்டும் கேளுங்க

* “அட்மிஷனா, அப்சர்வேஷனா?”
* ஐ.பி நம்பரும் அட்மிஷன் நேரமும் ஷீட்டில் இருக்கிறதா?
* கேஷ்லெஸ் அனுமதிக்கு அனுப்பியாச்சா? 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ சொன்ன விதிப்படி, கோரிக்கை வந்த 1 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்லணும். டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரம்.
* மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்க. மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்றால், 24 மணி நேரக் கணக்குக்காகப் படுத்திருக்க வேண்டாம். கணக்கைக் கேட்க வேண்டிய நேரம், உள்ளே போகும்போதுதான்.