காம்ப்டன்: ஊரின் பெயரும் ஊரைவிட்டுப் போனோர் பெயரும்

1949 டிசம்பர் 20 அன்று, லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே உள்ள காம்ப்டன் என்ற புறநகரில் ஜார்ஜ் புஷ்ஷின் மகள் ராபின் பிறந்தாள். எண்ணெய்த் துரப்பணக் கருவிகளை விற்கும் வேலைக்காகக் கலிபோர்னியாவில் தங்கியிருந்த புஷ், பின்னாளில் அமெரிக்காவின் 41ஆவது குடியரசுத் தலைவரானார். அப்போது மூன்று வயதுப் பிள்ளையாக உடனிருந்த மூத்த மகன் 43ஆவது தலைவரானார். ஆனாலும் இரண்டு குடியரசுத் தலைவர்கள் குடியிருந்த ஊர் என்று காம்ப்டனை எவரும் அடையாளம் சொல்வதில்லை. துப்பாக்கி, போதைப்பொருள், கும்பல் சண்டை என்றே உலகம் அதை அறியும்.

புகழ்பெற்ற மனிதர்களால் ஊருக்குப் பெயர் வருகிறது என்பது பொதுவான எண்ணம். காம்ப்டனின் வரலாறு இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறது என்பதே என் வாதம். அந்த ஊரின் நற்பெயரையும் கெட்ட பெயரையும் வீட்டுப் பத்திரங்களும் வரி வருவாயும் முதலில் தீர்மானித்தன. புகழாளர்கள் பின்னால் வந்து, ஏற்கெனவே உருவாகியிருந்த பெயரை உலகெங்கும் கொண்டுசென்றார்கள்.

புஷ் குடும்பம் வாழ்ந்த காம்ப்டன் ஏறத்தாழ முழுக்க வெள்ளையர் ஊர். வெள்ளையர் அல்லாதவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்ற நிபந்தனை பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த பிறகே கதவு திறந்தது. 1950இல் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லாதிருந்த கறுப்பின மக்கள், 1970இல் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஆனார்கள். வந்தவர்கள் ஆலைச் சம்பளத்தில் சேமித்துச் சொந்த வீடு வாங்கியவர்கள். முற்றமும் புல்தரையும் உள்ள வீடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி: காம்ப்டனுக்குக் குடிபோவது அன்று ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு முன்னேற்றத்தின் அடையாளம். 1969இல் டக்ளஸ் டாலர்ஹைடு அந்த ஊரின் முதல் கறுப்பின மேயரானார். இந்த இருபதாண்டுப் பெருமிதம் இன்றைய பொது நினைவில் அறவே இல்லை. காம்ப்டனைப் பற்றிய எழுத்துகளில் என்னை மிகவும் வருத்துவது இந்த விடுபடல்தான்.

சரிவுக்கான காரணங்கள் கணக்கேடுகளில் இருக்கின்றன. 1965இல் பக்கத்து வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்த பின் கடைக்காரர்களும் எஞ்சிய வெள்ளையர்களும் வெளியேறினர். வீடுகள் மிகுந்து தொழிற்சாலைகள் குறைந்த நகராட்சிக்குச் சொத்து வரியே உயிர்நாடி. அந்த வரிக்கு 1978இல் மாநிலம் முழுவதும் கடுமையான உச்சவரம்பு வந்தது. அருகிலுள்ள சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் ஆலை 1980இலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இலும் மூடப்பட்டன. வேலை போன வீட்டுப் பையன்களிடம் கொக்கெய்ன் வியாபாரம் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். இந்த உருமாற்றத்தை வரலாற்றாசிரியர் ஜாஷ் சைட்ஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

1980களில் அண்டை ஊர்கள் செய்த ஒரு காரியம் இங்கே முக்கியமான சான்று. பல ஊர்களை ஊடறுத்துச் செல்லும் காம்ப்டன் புலவார்டு என்ற நெடுஞ்சாலையின் பெயரை, தத்தம் எல்லைக்குள் அவை மாற்றிக்கொண்டன. மேற்கே அது மரீன் அவென்யூ ஆயிற்று. கிழக்கே பாரமவுண்ட் நகரில் சோமர்செட் புலவார்டு ஆயிற்று. நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஈஸ்ட் காம்ப்டன்கூட ஈஸ்ட் ராஞ்சோ டொமிங்கெஸ் எனத் தன்னை அழைத்துக்கொண்டது. ஒரே சாலைதான், ஆனால் முகவரியில் ‘காம்ப்டன்’ இருந்தால் வீட்டு விலையும் கடை வியாபாரமும் படுத்துவிடும் என்ற அச்சம்.

1988இல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ என்ற ராப் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடலில் முதலில் ஒலிக்கும் ராப் குரல் ஐஸ் கியூபுடையது. அவர் காம்ப்டன்காரரே அல்லர். சவுத் சென்ட்ரல் லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். ஊர்ப்பெயர் அதற்குள் ஒரு முத்திரையாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே 1988இல் அந்த ஊரின் ரிச்லண்ட் ஃபார்ம்ஸ் பகுதியில் மயிஷா அக்பர், சிறுவர்களுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் காம்ப்டன் ஜூனியர் பாசி என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊரை நிறுவிய கிரிஃபித் காம்ப்டன் காலத்திலிருந்தே வேளாண்மைக்கு ஒதுக்கப்பட்ட அப்பகுதியில் வீட்டுக் கொல்லையில் குதிரை நிற்கும், ஆடு மேயும், கோழி கூவும். இரண்டும் ஒரே ஆண்டில் ஒரே ஊரைச் சுற்றி நடந்தவை. பாட்டு உலகம் சுற்றியது; குதிரைகளை வெளியுலகம் திரும்பிப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

டென்னிஸ் வீராங்கனைகளான வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகள் ஊரின் பெயரை மீட்டார்கள் என்று சிலர் வாதிடலாம். காம்ப்டனின் பொது மைதானங்களில் ஆடப் பழகிய அவர்கள், 1991இல் குடும்பத்தோடு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார்கள். அதன்பின் அவர்களைப் பற்றி எழுதியவர்களுக்குக் காம்ப்டன் ‘தப்பித்து வந்த இடம்’ மட்டுமே. சாதனை உயர உயர, தப்பித்து வந்த இடம் மேலும் கொடியதாகச் சித்திரிக்கப்பட்டது. 2003இல் அவர்களின் அக்கா யெடுண்டே பிரைஸ் அந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது அச்சித்திரம் இன்னும் இறுகியது. அவர் பெயரில் சகோதரிகள் 2016இல் காம்ப்டனில் திறந்த உதவி மையத்துக்கு, அந்தக் கொலைக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு கவனம்கூடக் கிடைக்கவில்லை. 2018இல் புலிட்சர் பரிசு பெற்ற ராப் பாடகர் கென்ட்ரிக் லாமரை ஓரளவு விதிவிலக்காகக் கொள்ளலாம். அவர் பாட்டில் ஊர் வெறும் முத்திரையாக நிற்பதில்லை; வீடும் வீதியும் நண்பர்களும் உள்ள இடமாக வருகிறது.

இன்றைய காம்ப்டன் இவர்கள் எவருடைய பாட்டிலும் முழுதாக இல்லை. 2010 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் லத்தீன் அமெரிக்க வழியினர். கறுப்பின மக்களை ஒருகாலத்தில் வெளியே நிறுத்திய அதே ஊரில் இவர்களும் அதிகாரத்துக்கு வெளியே நெடுங்காலம் நின்றார்கள். நகரமன்ற உறுப்பினர் தேர்தல் முறையை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டு, அம்முறை மாறிய பிறகு, 2013இல்தான் நகரமன்றத்தில் அவர்களுள் முதலாமவர் இடம்பெற்றார். காம்ப்டனின் புகழ்பெற்றோர் பட்டியல்களில் இந்தப் பெரும்பான்மையினரின் பெயர்களைக் காண்பது இன்றும் அரிது.