புழுதிப் புயலும் நிவாரணப் பணமும்

ஒரு கமக்காரரும் அவருடைய இரு புதல்வரும் புழுதிக் காற்றினூடே தாழ்ந்ததொரு கொட்டிலை நோக்கி விரைகின்றனர். 1936 ஏப்பிரலில் ஆதர் றொத்ஸ்ரீன் என்ற அரசாங்கப் படப்பிடிப்பாளர் எடுத்த இப்படத்தை வரலாற்று மாணவர் பலர் கண்டிருப்பர். அது எடுக்கப்பட்ட இடம், ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் மேற்கு அந்தத்தில் அமைந்த சிமரோன் கவுண்டி ஆகும். படத்தில் அரசாங்கம் தென்படுவதில்லை. ஆயினும் அரசாங்கப் பணமின்றி அங்குள்ள கமங்களுட் பல அவ்வாண்டைக் கடந்திருக்குமா என்பது ஐயமே.

இயற்கை அழிவுக்கு மத்திய அரசு ஈடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் எளிதில் வேரூன்றியதன்று. 1887இல் வரட்சியுற்ற ரெக்சாஸ் கவுண்டிகளுக்கு விதைதானியம் வழங்கப் பத்தாயிரம் டொலரைக் காங்கிரஸ் ஒதுக்கியபோது, சனாதிபதி குறோவர் கிளீவ்லாந்து அம்மசோதாவை நிராகரித்தார். மக்களைத் தாங்குவது அரசின் கடமையன்று, அது மக்களின் உறுதியைக் குலைக்கும் என்பது அவர் வாதம். ஐம்பது ஆண்டு கழியுமுன் நிலைமை முற்றாக மாறிவிட்டது.

1934 யூனில் தொடங்கிய கால்நடைக் கொள்வனவுத் திட்டத்தை இங்கு விரிவாக நோக்குதல் தகும். புல்லும் நீருமின்றி மடியவிருந்த மாடுகளை, அவசரநிலைக் கவுண்டிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசே வாங்கியது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 டொலர் வரை கிடைத்தது. உண்ணத்தக்கவை ஏழைகளுக்கு இறைச்சியாயின. ஏனையவை அவ்விடத்திலேயே சுட்டுப் புதைக்கப்பட்டன. தான் வளர்த்த பசு சுடப்படுவதைப் பார்த்து நின்றவனுக்கு அப்பணம் நிவாரணமாகத் தோன்றியிருக்குமா?

விலை இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தமையே இத்திட்டத்தின் சிறப்பு. ஒரு கூறு மாட்டின் கிரயம். மாடு கடனுக்கு ஈடாக இருந்தால் ஈடுபிடித்தவர் அதிற் பங்கு கோரலாம். மற்றது உதவிக் கொடுப்பனவு. அதிற் கடன்காரர் கைவைக்க முடியாது. இப்பிரிவினை இல்லாதிருந்தால், கமக்காரனின் பெயரால் வழங்கப்பட்ட பணம் முழுவதும் வங்கியைச் சென்றடைந்திருக்கும். சட்டத்தை வரைந்தோர் கிராமத்துக் கடனின் இயல்பை அறிந்திருந்தனர் எனலாம்.

கோதுமைக்கு வந்த பணத்தின் கதை வேறு. 1933ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் மிகை விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்த எழுந்ததேயன்றி, வரட்சிக்காக இயற்றப்பட்டதன்று. பயிர்ப்பரப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டவருக்கு முன்னைய ஆண்டுகளின் விளைச்சலைக் கொண்டு பணம் கணிக்கப்பட்டது. எனவே வயலில் ஒரு கதிரேனும் விளையாத போதும் பணம் வந்தது. ஒப்பந்தங்களை மேற்பார்வை செய்தவர்களும் கவுண்டிக் குழுக்களில் அமர்ந்த உள்ளூர்க் கமக்காரரே. அயலவனின் பரப்பை அயலவனே சரிபார்த்தான். அதிக நிலத்தை உழுதவன் அதிகம் பெற்றான். விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வந்துபோன ‘பெட்டிக் கமக்காரர்’ சிலரும் பங்கு பெற்றனர். அவர்கள் கைவிட்ட வயல்களின் மண்ணே அடுத்தவன் வாசலிற் குவிந்தது! 1936 சனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வேற்பாட்டைச் செல்லாததாக்கியதும், மண்பாதுகாப்பு என்ற பெயரில் கொடுப்பனவுகள் தொடர்ந்தன.

1979இல் வெளிவந்த இரு நூல்கள் இதுபற்றி முரண்படுகின்றன. சிமரோன் கவுண்டியையே நுணுகி ஆராய்ந்த டொனால்ட் வோஸ்ரர், அழிவுக்கு இலாபநோக்குடைய வேளாண்மையே காரணமென்றும், அரசு அம்முறையை மாற்றாது தாங்கிப்பிடித்தது என்றும் கருதினார். போல் பொனிபீல்ட் என்பாரோ, நிலைத்து நின்ற கமக்காரரின் உழைப்பையே முதன்மைப்படுத்தி அரசின் திட்டங்களைக் குறைகூறினார். பொனிபீல்ட் கூறும் மனவுறுதியை மறுப்பதற்கில்லை. ஆயினும் பின்நிகழ்ந்தவை வோஸ்ரர் பக்கமே சாய்கின்றன. 1940களில் மழை திரும்பியது. போர்க்கால விலை ஏறியது. புல்நிலங்கள் மீண்டும் உழப்பட்டன. 1950களில் வரட்சியும் புழுதியும் வந்தன. அவசரநிலைக் கவுண்டிகளின் பட்டியல் மறுபடியும் தயாரிக்கப்பட்டது.