துப்பாக்கி யார் வீட்டில் இருந்தது?

ஆயுதச் சட்டத்தின் வரலாற்றைச் சாதியையும் நிலத்தையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. 1878ல் லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த சட்டம் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைப்பதைத் தடை செய்தது. வெள்ளைக்காரனுக்கு அதிலிருந்து விலக்கு. ராஜாக்களுக்கும் பெரிய ஜமீன்தார்களுக்கும் குடகர்களுக்கும் விலக்கு. சேத்தூர், சிவகிரி என்று ஜமீன்கள் ஆண்ட இந்த மலையடிவாரத்தில் துப்பாக்கி என்பது அரண்மனைச் சாமான். சேரிக்காரன் அதன் சத்தத்தைக் கேட்டிருப்பான், கையில் தொட்டிருக்க மாட்டான்.

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைக்கும் உரிமையையும் கேட்டது. 1948 டிசம்பரில் எச்.வி.காமத் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கச் சொன்னபோது, அண்ணல் அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை. எவன் வேண்டுமானாலும் கடைத்தெருவுக்குப் போய் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்று கேட்டார். கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடியவன் எவன் என்பது நமக்குத் தெரியாதா?

1959 ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வியாபாரிக்கும் லைசென்ஸ் வேண்டும். 14ஆம் பிரிவில் நம் ஆட்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வரி உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது. ஆனால் 13ஆம் பிரிவு போலீஸ் ஸ்டேஷன் அறிக்கையைக் கேட்கிறது. பயிர்க்காவலுக்கு என்று நாட்டுத் துப்பாக்கிக்குத் தனி வழியும் வைத்திருக்கிறது. பயிர் இருப்பவனுக்குத்தானே பயிர்க்காவல்? மாந்தோப்பும் தென்னந்தோப்பும் யாருடையது, அதில் கூலிக்குப் போகிறவன் யார் என்று ராஜபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வழக்குகளும் நடந்தன. குடகர்களுக்குக் கொடுத்த விலக்கு இனத்தையும் பரம்பரை நிலத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டுகிறது என்று ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வழக்குப் போட்டார். 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது. துப்பாக்கி வைப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அமெரிக்காவில் கதை வேறு. நியூயார்க் மாநிலத்தின் புதுச் சட்டங்கள் தங்கள் தொழிலையே முடக்குகின்றன என்று துப்பாக்கி வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவசரத் தடை கொடுக்க 2023 ஜனவரியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதே நாட்டில்தான் 1865ல், அடிமைத்தளை அறுந்த கையோடு, கறுப்பர்கள் அனுமதியில்லாமல் ஆயுதம் வைக்கக் கூடாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது. விடுதலையானவன் கையைத்தான் முதலில் கட்டினார்கள்.

நம் கைக்கும் ஒரு சட்டம் வந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் 1995ல் அமலுக்கு வந்தன. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் தேவைப்பட்டால் மற்ற சாதியாரின் துப்பாக்கி லைசென்சுகளை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும், கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும், தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் லைசென்ஸ் தர வேண்டும் என்கிறது 3ஆம் விதி. ரத்து செய்வதுதான் வரிசையில் முதலில் நிற்கிறது. நாம் கேட்பதும் அதைத்தான். ஊர்க்காரன் கையில் இருப்பதை முதலில் வாங்கு.

அந்த விதிகள் வந்து இரண்டு வருஷத்தில், 1997ல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கலவரம் மூண்டது. ஜூலையில் அரசு மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டது. ஒரு பெயரை எடுக்க, எல்லாப் பெயரையும் எடுத்தார்கள். பெயர்ப்பலகையில் காட்டிய வேகத்தை லைசென்சுகளில் காட்டினார்களா?

இதைக் கேட்க இப்போது வழி இருக்கிறது. 1995க்குப் பிறகு 3ஆம் விதியின்படி எத்தனை லைசென்ஸ் ரத்தானது, எத்தனை தலித்துகள் மனுப்போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் அலுவலகத்தில் மனுப்போடலாம். லைசென்ஸ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், 18ஆம் பிரிவில் அப்பீல் செய்யலாம். மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே வாய்தாவுக்கு அலைந்து பழகிய சனம் நாம். இந்தக் கணக்கையும் ஒருதரம் கேட்டு வைப்போம்.