தோல்வியை நடித்த கலைஞர்

கதையில் வெல்பவனை உலகம் நெஞ்சில் வைத்துப் போற்றுகிறது. தோற்பவனாக நடித்தவனுக்கோ வரலாற்றில் கிடைப்பது ஒரு மூலையே. ஆயினும், தோற்பவனுடைய ஆற்றலைக் கொண்டே வென்றவனுடைய பெருமையை நாம் அளக்கிறோம். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் நடிகர் டி. எஸ். பாலையா.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டன்கோட்டையில் 1914-ஆம் ஆண்டில் பிறந்த பாலையா, நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலக் கொட்டகைகளில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் வசனம் எட்டியாக வேண்டும். ஆகவே சொல்லை நிறுத்தவும், இழுக்கவும், வெட்டி முடிக்கவும் அக்கால நடிகர்கள் பழகினர். பாலையாவின் குரலில் அப்பயிற்சி இறுதிவரை ஒலித்தது.

1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' அவருடைய முதற்படம். எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். அவருக்கு அதில் வாய்த்தது சிறு வேடம். பாலையாவுக்கோ வில்லன் வேடம். அடுத்த ஆண்டு 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரியாக ருத்ரசேனன் ஆனார். 'மதுரை வீரன்' (1956) வரை வஞ்சகம் அவருக்குக் கைவந்த கலையாயிற்று. பின்னர், 'பாகப்பிரிவினை'யில் (1959) மனைவியின் சொல்லுக்கு இணங்கிக் குடும்பம் பிளவுபட விட்டுவிடும் அண்ணனாக வந்தபோது, குற்றமுள்ள மனிதனிடத்தும் நமக்கு இரக்கம் பிறக்கச் செய்தார்.

அவருடைய கலையின் சிகரம் 'திருவிளையாடல்' (1965). பரஞ்சோதி முனிவர் பாடிய விறகு விற்ற படலத்தின் கதை அது. பாண்டியன் அவையில் தருக்கி நிற்கும் ஏமநாத பாகவதருக்குப் பாட்டின் குரலை அளித்தவர் பாலமுரளி கிருஷ்ணா. அக்குரலுக்கு உடல் அளித்தவர் பாலையா. நிமிர்ந்த தலையும், அவையை அலட்சியமாக நோக்கும் பார்வையும், இடையே எழும் செருக்குச் சிரிப்பும் நம்மை அவர் மெய்யாகவே பெரும் பாடகர் என்று நம்பவைக்கின்றன. அந்நம்பிக்கை இன்றேல், விறகு விற்பவனாக வந்த இறைவனின் பாட்டுக்கு மதிப்பு ஏது? அப்பாட்டைக் கேட்ட இரவில் அவருடைய செருக்கு கரைந்து அச்சமாகிறது. பொழுது விடியுமுன் ஊரைவிட்டு அகல்கிறார். வித்துவானாக இருந்தமையாலன்றோ தம்மினும் உயர்ந்த இசையை அவரால் அறிய முடிந்தது!

'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியையும் இங்கே எண்ண வேண்டும். சொல்பவர் நாகேஷ், கேட்பவர் பாலையா. அவர் கேட்டு நடுங்குவதைக் கண்டே நாம் சிரிக்கிறோம். 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) சிவாஜி கணேசனின் நாதசுரத்துக்குத் தவில்காரராக அமர்ந்தவரும் அவரே. உடன் வாசிப்பவன் தாளம் தவறாது நின்றால்தான் முதன்மைக் கலைஞன் ஓங்க முடியும். பாலையா வாழ்நாள் முழுதும் செய்த தொண்டு அதுவே.

1972-இல் அவர் மறைந்தார். வானொலியில் திரைப்படங்கள் ஒலிச்சித்திரங்களாக ஒலித்த நாட்களில், தாயகத்தைப் பிரிந்து மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழ்ந்த தமிழரும் அவற்றைக் கேட்டு மகிழ்ந்தனர். முகம் தெரியாத அவ்வேளையிலும், ஒரு சொல் காதில் விழுந்ததுமே "இவர் பாலையா" என்று அறிந்துகொள்ள முடிந்தது. கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய குரல் அத்துணைத் தொலைவும் எட்டிற்று.