பனுவல் முந்தியது, பட்டியல் பிந்தியது: தமிழ் உசாத்துணை வளங்கள் இணையமேறிய வரலாறு

அச்சுக் காலத்தில் தமிழ் நூல்களோடு நூற்பட்டியலும் கூடவே நடந்துவந்தது. இணையக் காலத்தில் நூல்கள் முன்னே ஓடிவிட்டன, பட்டியல் பின்தங்கியது. வாசகர் கேட்கும் கேள்விக்கு விடை தேடித் தரும் உசாத்துணை நூலகர் இன்று படும் சிரமங்களில் பெரும்பகுதிக்கு இந்த இடைவெளியே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். எந்தத் தளத்தில் என்ன கிடைக்கும் என்று அடுக்குவதைவிட, ஒவ்வொரு வளமும் யாரால், எந்தத் தேவைக்காக உருவானது என்று பார்ப்பது பயன் தரும். ஒரு வளத்தின் பலமும் குறையும் பெரும்பாலும் அது பிறந்த சூழலிலேயே தெரிந்துவிடுகின்றன.

இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் 1835-இல் நீங்கின. அடுத்த முப்பது ஆண்டுகளில் தமிழில் எத்தனை நூல்கள் வந்தன என்று எவரும் கணக்கெடுத்திருக்கவில்லை. அந்தக் கணக்கை எடுத்தவர் இலங்கையிலும் சென்னையிலும் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் மர்டாக். 1865-இல் அவர் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியல் பொருள்வாரியாகப் பகுக்கப்பட்டது. கிறித்தவ நூல் வெளியீட்டுக்காகத் தொகுத்த பட்டியல்தான். ஆனாலும் சைவ, வைணவ நூல்களையும் நாடகங்களையும் சோதிட நூல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல் பற்றி யார் கேட்டாலும் இன்றும் முதலில் புரட்டவேண்டிய புத்தகம் அது.

இரண்டு ஆண்டு கழித்து அரசே அந்த வேலையை ஏற்றது. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகப் பதிவுச் சட்டம் பட்டியலிடுவதைக் கட்டாயக் கடமையாக்கியது. அச்சிட்ட ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், பக்கம், அளவு, பதிப்பு எண், அச்சான படிகளின் எண்ணிக்கை, விலை, உரிமையாளர் என எல்லாம் பதிவாகி, காலாண்டுக்கு ஒருமுறை அரசிதழில் வெளிவந்தன. நூலைக் கண்காணிக்க நினைத்த ஆட்சி, தான் அறியாமலே வரலாற்றாய்வாளனுக்கு ஒரு கருவூலத்தைச் சேர்த்து வைத்தது. ஒரு நாடகப் புத்தகம் எத்தனை படி விற்பனைக்கு வந்தது, ஓரணாவுக்கா எட்டணாவுக்கா என்பதெல்லாம் வேறெங்கும் கிடைக்காத செய்திகள். இப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டே பிற்காலத்தில் ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ தொகுதிகள் உருவாயின. பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள தமிழ் நூல்களுக்கு ஜி. யு. போப், எல். டி. பார்னெட் இருவர் பெயரில் 1909-இல் ஒரு பட்டியல் வந்தது. அதற்குப் பார்னெட் எழுதிய துணைப் பட்டியல் 1931-இல் வெளியானது.

இதே காலத்தில் மற்ற உசாத்துணை நூல்களும் வளர்ந்தன. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், அனுபந்தம் 1939-இலும் வெளிவந்தன. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட ‘கலைக்களஞ்சியம்’ 1954-இல் தொடங்கி 1968-இல் பத்துத் தொகுதிகளில் நிறைவுற்றது. இவை நூலகத்தில் இருந்தால் மட்டும் போதாது, வாசகரிடம் கொண்டு சேர்க்க ஒரு மனிதர் வேண்டும் என்று வற்புறுத்தியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்ற அவர், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவற்றில் நான்காவது. உசாத்துணைப் பணியை நூலகத்தின் உச்சப் பணியாகவே அவர் கருதினார். இணைய வளங்களை எடைபோட இன்றும் அந்த நான்காவது விதியைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இணையத்துக்குத் தமிழ் வந்த வழி நூலகங்களின் வழியன்று. 1990-களில் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக இந்தியவியல், தமிழியல் துறையில் தாமஸ் மால்டன் முன்னின்று உருவாக்கிய இணைய அகராதி, மொழியாய்வாளர் தேவையிலிருந்து பிறந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ புலம்பெயர்ந்த தமிழ் ஆர்வலர்களின் முயற்சி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதை வழிநடத்தினர். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் சங்க நூல்களையும் திருமுறைகளையும் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். ஊதியம் இல்லை, அரசு ஆணை இல்லை. தமிழ்ப் பனுவலுக்குள் சொல்லைத் தேடும் வசதி பொதுமக்களுக்குக் கிடைத்தது இவர்களால்தான். இந்த நன்றிக்கடனை எவ்வளவு சொன்னாலும் தகும்.

ஆனால் உசாத்துணை நூலகர் கண்ணில் ஒரு குறை படாமல் போகாது. இப்பனுவல்கள் பலவற்றில் அச்சுப் பதிப்பின் பக்க எண்கள் இல்லை. செய்யுள் எண் உள்ள நூலுக்கு அது பெரிய இழப்பன்று, உரைநடைக்கு இழப்புதான். மேற்கோள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இப்பனுவல்கள் உதவும். ஆய்வேட்டில் சான்று காட்ட அச்சுப் பதிப்புக்கே போக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘தெற்காசிய மின் அகராதிகள்’ இந்த இடத்தில் வேறுபடுகிறது. பேரகராதி, பெப்ரீசியஸ், வின்சுலோ ஆகியோரின் அகராதிகள், பரோ–எமனோவின் திராவிட வேர்ச்சொல் அகராதி ஆகியவை அங்கே ஒரே இடத்தில் உள்ளன. பேரகராதியின் ஒவ்வொரு பதிவுடனும் அச்சுப் பக்க எண் தரப்பட்டிருக்கிறது. அதை அமைத்தவர்கள் நூலகத்தோடு நெருங்கிப் பழகியவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தொடக்க ஆண்டுகளின் பெருஞ்சிக்கல் எழுத்துருக் குறியேற்றம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒருவர் தட்டச்சு செய்தது இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு ‘தமிழ்99’ விசைப்பலகையையும் இரு குறியேற்ற முறைகளையும் பரிந்துரைத்தது. இணைய ஆர்வலர்களோ திஸ்கி என்னும் வேறொரு குறியேற்றத்தைப் பயன்படுத்தினர். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், தமிழ்நாடு அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான்.

அந்தப் பழைய குழப்பத்தின் வடுக்கள் இன்றைய தேடலிலும் உள்ளன. இவற்றை நூலகப் பயிற்சிகளில் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘ஔவையார்’ என்பதைப் பலர் ‘ஒ’, ‘ள’ என்னும் இரண்டு எழுத்துகளால் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். ‘கௌதமன்’ என்னும் பெயரிலும் இதே கதை. திஸ்கியிலிருந்து மாற்றிய பனுவல்களில் ‘ரி’ என்னும் எழுத்து, துணைக்காலும் இகரக் குறியும் சேர்ந்த உருவமாக ஒளிந்திருக்கும். ஒரு நூல் இல்லை என்று வாசகரிடம் சொல்லுமுன் இந்த மாற்று வடிவங்களிலும் தேடிப் பார்ப்பது நூலகர் கடமை. அகரவரிசையும் அப்படித்தான். ஒருங்குறி எண்வரிசைப்படி அடுக்கினால் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும் ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும் வந்துவிடும். தமிழ் நெடுங்கணக்குப்படி அவை இரண்டும் கடைசி எழுத்துகள். மென்பொருளில் தமிழ் வரிசை விதியைச் சேர்க்காத பட்டியலில் ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இராது.

உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் இன்னொரு திரை உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962-இல் புதுதில்லியில் அலுவலகம் திறந்து இந்திய மொழி நூல்களை வாங்கத் தொடங்கியது. அந்நூல்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றன. அவற்றுக்கான பதிவுகள் கவனமானவை, ஆனால் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் எழுதப்பட்டவை. ‘சங்கம்’ என்பதை நாம் ஆங்கிலத்தில் ‘எஸ்’ போட்டு எழுதுவோம். அங்கே ‘சி’ போட்டு, நடுவில் ‘ஜி’க்குப் பதில் ‘கே’ போட்டுத் தேட வேண்டும். இந்த ஒரு விதி தெரியாததால் கைக்கெட்டும் நூலைக் காணாமல் திரும்பிய ஆய்வு மாணவர்கள் ஏராளம். விதி தெரிந்தவருக்கு இன்றுவரை இதற்கு இணையான தமிழ் நூற்பட்டியல் இல்லை.

தமிழ்நாட்டு வரலாற்றில் 1994 ஒரு முக்கிய ஆண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தியது. நுண்படமாக்கலோடும் முறையான பட்டியலாக்கத்தோடும் தொடங்கிய நிறுவனம் என்பதால் அதன் பட்டியலை நம்பிப் பயன்படுத்தலாம்.

இதற்கு நேரெதிர் ‘இந்திய மின்னூலகத் திட்டம்’. 2000-களில் லட்சக்கணக்கான நூல்களைப் படிமமாக்கிய அத்திட்டத்தில் வேகம் இருந்தது, விவரப் பதிவில் நிதானம் இல்லை. தமிழ்த் தலைப்புகள் மனம்போன ரோமன் எழுத்துக்கூட்டலில் பதிவாயின. ஆசிரியர் பெயர்கள் சிதைந்தன. அப்படிமங்கள் இன்று இணைய ஆவணகத்தில் கிடைக்கின்றன. தேடிக் கண்டெடுக்க, ஒரே தலைப்பை நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் முயல வேண்டியிருக்கிறது. அரிய பதிப்புகள் அங்கே இருக்கின்றன என்பதுதான் இந்த அலட்சியத்தை இன்னும் வருந்தத்தக்கதாக்குகிறது.

2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், அகராதிகளையும் இலக்கிய உரைகளையும் ஒரே கூரையின்கீழ் தந்தது. 2017-இல் அதன் மின்னூலகம் விரிவான தளமாக வந்தது. 2016-ஐ ஒட்டி, நாட்டுடைமையான நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் படிமங்களை அது பொதுவுரிமத்தில் தர, விக்கிமூலம் தன்னார்வலர்கள் எழுத்துணரியால் அவற்றைப் பனுவலாக்கி மெய்ப்புப் பார்த்துவருகிறார்கள். படிமமும் பனுவலும் பக்கத்துக்குப் பக்கம் அருகருகே நிற்பதால் மேற்கோளை அந்தக் கணமே சரிபார்க்கலாம். மதுரைத் திட்டத்தில் இருந்த இடைவெளி இங்கே நிரம்பியது.

எனினும், பட்டியல் குறித்த என் கேள்விக்குச் சரியான விடை தந்தவர்கள் ஈழத் தமிழர்களே. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த அழிவையும், போரில் சிதறிய வீட்டு நூலகங்களையும் கண்ட தலைமுறையிலிருந்து 2005-இல் ‘நூலகம்’ திட்டம் எழுந்தது. நூல்கள், இதழ்கள், நினைவு மலர்கள், பிரசுரங்கள், பாடசாலை மலர்கள் என எதையும் சிறியது என்று தள்ளாமல் அது சேர்க்கிறது. அதன் தனிச்சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. ஓர் இதழை ஏற்றும்போது பெரும்பாலும் அதன் உள்ளடக்கத்தையும் கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயரோடு தட்டச்சு செய்து வைக்கிறார்கள். 1966-இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’யில் ஒரு விமர்சகர் எப்போது என்ன எழுதினார் என்று வாசகர் கேட்டால், பெயரைத் தேடிய சில நொடிகளில் இதழ் எண் கைக்கு வந்துவிடும். ஆளுமைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. மர்டாக்கும் 1867-ஆம் ஆண்டுச் சட்டமும் நூலளவில் செய்ததை இவர்கள் கட்டுரையளவுக்கு இறக்கிச் செய்கிறார்கள்.

எந்த இணைய வளத்தையும் ஒற்றையாக நம்ப முடியாது என்பதை 2023 அக்டோபர் காட்டியது. பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் அதன் பட்டியலும் மின்னுருத் தொகுப்புகளும் முடங்கின. முதன்மைப் பட்டியல் மீண்டும் பார்வைக்கு வரவே அடுத்த ஜனவரி ஆயிற்று. அந்த மாதங்களில் அங்குள்ள பழைய தமிழ் நூல் ஒன்றைப் பற்றிக் கேட்டவருக்கு, 1909-ஆம் ஆண்டின் போப்–பார்னெட் பட்டியலே விடை தந்திருக்கும். அதன் படிமம் இணைய ஆவணகத்தில் இருக்கிறது. தமிழ் நூல்களைக் கையாளும் ஒவ்வொரு உசாத்துணை நூலகரும் அதைத் தம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் மீந்திருக்கும் பெரும்பணி இதழ்களுக்கான உள்ளடக்க அடைவுதான். ‘மணிக்கொடி’ முதல் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ வரை சிற்றிதழ்களில் வந்த கதைகளும் கட்டுரைகளும் நூலாகாமல் நிறையக் கிடக்கின்றன. படிமம் இணையத்தில் இருந்தாலும், இதழின் பெயருக்கும் ஆண்டுக்கும் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்காதவரை அது வாசகருக்கு எட்டாது. இந்த வேலைக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. மாவட்ட மைய நூலகங்களும் கல்லூரி நூலகங்களும் ஆளுக்கோர் இதழை ஏற்று, நூலகத் திட்டத்தின் முறையைப் பின்பற்றி, தமிழ் எழுத்திலேயே ஒருங்குறியில் உள்ளடக்கத்தைப் பதிந்து பொதுவில் வைக்கலாம். நூலக அறிவியல் படிக்கும் மாணவர்களின் செய்முறைப் பாடமாகவே இதை வைக்க முடியும். ‘எழுத்து’ 1959-இல் தொடங்கி 1970 வரை வந்த இதழ். ஒரு வகுப்பு மனம் வைத்தால் ஒரு பருவத்துக்குள் அதன் அடைவு முழுதும் முடிந்துவிடும்.