மண் காய்ந்த மாதங்கள்

தஞ்சாவூர் வயலுக்குக் காவிரித் தண்ணீர் எவ்வளவு அவசியமோ, அந்தத் தண்ணீர் வராத மாதங்களும் அவ்வளவு அவசியம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், இதென்ன புதுசா என்பார்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஈரம் பார்த்து உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். பங்குனியில் அதுவும் வீடு வந்து சேர்ந்துவிட்டால் வயலில் வேலை கிடையாது. ஆறு மணலாகக் கிடக்கும். களிமண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம் போலிருக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வந்து, இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கிடை போடுவார்கள். சித்திரையில் நல்லேர் பூட்டுவார்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் புழுதி உழவு. "மண்ணு காயணும்டா, காயாத மண்ணு சோறு போடாது" என்பார் என் தாத்தா. ஏன் காயணும் என்று கேட்டால் பதில் வராது, முறைப்புதான் வரும்.

பதில் தேடும் வேலை எனக்கு வாய்த்தது. மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்களிடம் வருவதெல்லாம் காய்ந்த மண்தான். வயலில் பல இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கி, மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரையடி ஆழம் வெட்டி, இரண்டு சரிவிலும் ஒரே கனத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து, நாலு பங்கு வைத்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக்கிலோ மிஞ்சும் வரை இதேதான். அதை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, சர்வே எண் எழுதிக் கொண்டுவருவார்கள்.

கரிமச் சத்து பார்க்க ஒரு சிட்டிகை மண் போதும். பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் விட்டால் குடுவை கை பொறுக்காத சூடாகும். அரைமணி ஆறவைத்து, இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கருநீலம் ஒரே சொட்டில் பச்சையாகும். அங்கே நிறுத்திக் கணக்குப் போட வேண்டும். அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் அட்டையில் 'குறைவு', முக்காலுக்கு மேலே என்றால் 'அதிகம்'. வாக்லி, பிளாக் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டது 1934இல். மேட்டூர் அணை திறந்ததும் அந்த ஆண்டுதான்.

"வருஷா வருஷம் எருவும் தழையும் போடுறோம், அட்டையில மட்டும் ஏன் சார் குறைவுன்னே வருது?" அட்டையை வாங்கும்போது விவசாயிகள் கேட்கிற கேள்வி இது. அதற்குப் பதில் அவர்கள் வாயிலேயே இருக்கிறது: ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம். மூன்றாம் வருஷத்துக்கு என்ன மிச்சம்? நம் சூட்டில் நுண்ணுயிர்களுக்குப் பட்டினி நாளே கிடையாது. போட்டதைத் தின்று தீர்த்து, கரியைக் காற்றோடு அனுப்பிவிடும்.

இதற்கு நேர் எதிரான மண் சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் வட கனடாவிலும் இருக்கிறது. புல்லும் பாசியும் வேரும் மட்கக்கூட நேரமில்லாமல் உறைந்து, பல்லாயிரம் ஆண்டுகளாக அப்படியே கிடக்கின்றன. வடக்கின் உறைமண்ணில் தேங்கியிருக்கும் கரி சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் என்று கணக்கிடுகிறார்கள். இன்று காற்று மண்டலம் முழுவதிலும் இருக்கும் கரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இது. துருவப் பகுதி உலகச் சராசரியைவிட மூன்று நாலு மடங்கு வேகமாகச் சூடாகிறது. பனி இளகினால் அங்கேயும் நுண்ணுயிர்கள் சாப்பாட்டுக்கு உட்காரும். மண் வடிந்து காற்றுப் பட்டால் வெளியே வருவது கரியமில வாயு. பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் காற்று அடைபட்டால் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் பூமியைச் சூடாக்குவது ஒரு டன் கரியமில வாயுவைப்போல சுமார் 28 மடங்கு.

சைபீரியாவின் இளகிய குட்டையிலும் எங்கள் வெண்ணாற்றுப் பாசன வயலிலும் மீத்தேனை உண்டாக்குவது ஒரே குலத்து நுண்ணுயிர்கள்தான். காற்றுப் பட்டால் அவற்றால் வேலை செய்ய முடியாது. வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணில் இருக்கிற ஆக்சிஜன் ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும். அடுத்து நைட்ரேட், மாங்கனீசு, பிறகு இரும்பு, கந்தகம் என்று ஒவ்வொன்றாகக் கரையும். கடைசிப் பந்தியில்தான் மீத்தேன். கோடையில் ஒரு மண்பாளத்தை உடைத்துப் பாருங்கள். பழைய வேர் ஓடிய தடத்தில் மெல்லிய செங்காவிக் கோடுகள் தெரியும். காய்ந்த மண்ணில் காற்று புகுந்து இரும்பைத் திரும்பத் துருவாக்கிய தடம் அது. அந்தத் துரு எவ்வளவு சேர்கிறதோ, மறுபடி தண்ணீர் கட்டும்போது அவ்வளவு நாள் மீத்தேன் தள்ளிப்போகும். தாத்தாவின் முறைப்புக்குப் பின்னால் இருந்த வேதியியல் இதுதான். காய்கிற மண்ணிலிருந்தும் கரி போகத்தான் செய்கிறது. ஆனால் போன வருஷம் பயிர் காற்றிலிருந்து எடுத்ததே கரியமில வாயுவாகக் காற்றுக்குத் திரும்புகிறது. மீத்தேனாகப் போவதுதான் வம்பு.

நெல் வயலின் வாயுவை உலகத்தில் முதன்முதலாகப் பிடித்து அளந்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்லூரி 1906இல் கோயம்புத்தூருக்கு மாறியது. அங்கே சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலாளர் டபிள்யூ. எச். ஹாரிசனும் அவரோடு பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் சேற்று வயலில் எழும் குமிழிகளை ஆராய்ந்து, 1913 முதல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். குமிழியில் மீத்தேனும் நைட்ரஜனும்தான் பெரும்பகுதி, கொஞ்சம் கரியமில வாயு, ஹைட்ரஜன். தழையுரம் போட்டால் வாயு கூடுகிறது. சேற்றின் மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் உயிர்கள் அந்த மீத்தேனை எரித்துவிடுகின்றன, அதே படலத்துப் பாசி வெளியிடும் ஆக்சிஜன் நீரில் கரைந்து வேருக்கு இறங்குகிறது என்று கண்டார்கள். அவர்களுடைய கவலை பயிரின் வேர் மூச்சுவிடுகிறதா என்பதுதான். வானத்தைப் பற்றிய பேச்சே அன்று இல்லை. நெல் தண்டே ஊதாங்குழல் மாதிரி வாயுவை மேலே கொண்டுபோகிறது, வயலின் மீத்தேனில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது.

அந்தக் கட்டுரைகள் வந்த காலத்தில் டெல்டாவின் பெரும்பகுதி ஒருபோகம். ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பதைக் குடகு மழை தீர்மானித்தது. 1934 ஆகஸ்டு 21இல் மேட்டூர் திறந்தபின் அந்தத் தீர்மானம் மதகுக்கு வந்தது. 93 டி.எம்.சி. தேக்கி, ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்று நாள் குறித்தார்கள். குறித்த நாள் தவறிய ஆண்டுகளே அதிகம் என்றாலும், குறுவையும் தாளடியும் சேர்ந்த இருபோகம் அந்த நம்பிக்கையில்தான் பரவியது. மண் காயும் காலம் சுருங்கியது. ஆனாலும் பிப்ரவரி முதல் ஜூன் வரை அதற்கென்று மிச்சம் இருந்தது.

1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஊரில் 'பாக்கேஜ் திட்டம்' என்றார்கள். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வரும் குறுவை ரகம். உப்பு உரம் வந்தது, தழையுரம் குறைந்தது. பிறகு போர்வெல். 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் ஆனபின், பம்புசெட் உள்ளவர் ஆற்றுக்குக் காத்திருக்கவில்லை. திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கத்தில் சித்திரையிலேயே நாற்றங்கால் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. கோடை நெல்லும் உண்டு. கிடை போட வரும் கீதாரிக்குக் காலி வயல் கிடைப்பது அரிதாகிவிட்டது.

குறுவை அறுத்துத் தாளடி நடும் இடைவெளிதான் வாயுக் கணக்கில் மோசமான வாரங்கள். மிஷின் அறுத்துப்போட்ட வைக்கோலும் தாளும் ஈரத்தோடு சேற்றில் மடங்கி, மேலே தண்ணீர் ஏறும். காற்றில் மட்குவதற்கு நாளே கிடையாது. ஐப்பசியில் வயலுக்குள் இறங்கிக் காலை அழுத்தினால், கணுக்காலைச் சுற்றிக் குமிழி கொப்பளித்து எழும். கூடவே அழுகிய முட்டை வாடை. வாடை கந்தகத்துடையது. மீத்தேனுக்கு வாடை கிடையாது.

இந்தக் குமிழி 1990களின் தொடக்கத்தில் உலக அரசியலுக்குள் வந்தது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருந்தது. அயல்நாட்டு வயல்களில் எடுத்த அளவை நம் பரப்பளவோடு பெருக்கி வந்த எண் அது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் 1991இல் நாடு முழுவதும் வயலில் பெட்டி கவிழ்த்து அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன், பத்தில் ஒரு பங்கு. நம் நாட்டு நெல்லில் பெரும்பகுதி இடையில் காய்ந்தோ மானாவாரியாகவோ விளைகிறது, போடுகிற எருவும் குறைவு என்பதே முக்கியக் காரணம். அதே ஆண்டில் சுற்றுச்சூழல் ஆர்வலர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், வயிற்றுப்பாட்டுக்காக விடும் வாயுவையும் சொகுசுக்காக விடும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று எழுதினார்கள். அந்த வாதத்தில் இன்றும் நியாயம் இருக்கிறது.

டெல்டாவில் மீத்தேன் என்றால் நினைவுக்கு வருவது வேறு. மன்னார்குடியைச் சுற்றி நிலத்தடி நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் 2010இல் வந்தது. ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. இந்த நிலையில் நெல் வயலிலும் மீத்தேன் வருகிறது என்று நான் பேச்செடுத்தால், நம்மையே குத்தம் சொல்றீங்களா என்று கோபம்தான் வரும். நான் சொல்வது வயதுக் கணக்கு. நிலக்கரியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய கரி. உறைமண்ணில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுப் பழசு. இரண்டும் வெளியே வந்தால் காற்றில் இல்லாத புதுக் கரி சேர்கிறது. நம் வயலில் இருப்பது போன போகத்து வைக்கோல். அது எந்த வாயுவாகப் போகிறது என்பது மட்டும்தான் நம் கையில்.

வழி தெரியாததல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும், தண்ணீரும் மிச்சம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஓர் எளிய கருவியைப் பரப்பியது. ஓரடி நீள பி.வி.சி. குழாயில் கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கிற சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் அரையடி இறங்கியபின் அடுத்த பாய்ச்சல். 2000களின் தொடக்கத்தில் வந்த ஒற்றை நாற்று நடவும் 14 நாள் நாற்றோடு இதே நீர்முறையைத்தான் சொன்னது.

ஆனாலும் டெல்டாவில் வரப்பு வழியத் தண்ணீர் கட்டுகிறார்கள். களைக்கு ஆள் கூலி கொடுத்து மாளாது, நிற்கிற தண்ணீர் களையை அடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயப்போட நினைத்தாலும் வடியாது. ஆக, குறுவைதான் இதற்கு வாய்ப்பான போகம். அங்கேயும் பல இடங்களில் வயலுக்கு வயல் பாசனம், பக்கத்து வயலை நனைக்காமல் என் வயலுக்குத் தண்ணீர் வராது. எல்லாவற்றுக்கும் மேலான காரணத்தைத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை விவசாயி ஒருவர் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், அடுத்த முறை தண்ணி செவ்வாக்கிழமை வரும்னு எழுதிக் கொடுங்க. இன்னிக்கே வயலைக் காயப்போடுறேன்."

அவர் சொன்னதில் கர்நாடகத்தோடு நடந்த ஒரு நூற்றாண்டுக் காவிரி வழக்கு அடங்கியிருக்கிறது. 1924 ஒப்பந்தம், 2007 நடுவர் மன்றத் தீர்ப்பில் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவுக்கு 192 டி.எம்.சி., 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 177.25 டி.எம்.சி. எல்லாம் மொத்தக் கணக்கு. கடைமடைக்காரருக்கு வேண்டியது கிழமைக் கணக்கு. அது நிச்சயமில்லாதவரை, கிடைக்கும்போது கிடைத்ததை வயலில் தேக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். நானும் அதைத்தான் செய்வேன்.

சைபீரியாவின் உறைமண்ணுக்கு மடை கிடையாது. இளகத் தொடங்கினால் அங்கே நின்று அடைக்க ஆளில்லை, உலகம் மொத்தமாகப் புகையைக் குறைப்பது ஒன்றே வழி. நம் மண்ணுக்கு மேட்டூரிலிருந்து கடைசிக் கண்ணி வாய்க்கால் வரை மதகு இருக்கிறது, அதைத் திறக்கவும் மூடவும் சம்பளம் வாங்குகிற ஆளும் இருக்கிறார். வயலில் குழாய் புதைத்து மீத்தேனுக்குக் கணக்கெழுத வருகிறவர்கள் முதலில் கடைமடை மதகில் முறை அட்டவணையை எழுதி ஒட்டட்டும். ஒட்டியபடி தண்ணீர் விடட்டும். காயப்போடுவதை எங்கள் ஆட்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.